பம்மலுக்கு எட்டாத அலை: ரேடியோ வாட்ச் கட்டுவோர் கவனத்துக்கு

ரேடியோ அலையைப் பிடித்துத் தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அந்த வாட்சைச் சென்னையை ஒட்டிய நம் பம்மலில் கட்டிக்கொண்டால் அந்த ஒரு வசதி மட்டும் ஒருநாளும் வேலை செய்யாது. வாட்சில் கோளாறு இல்லை. அது தேடுகிற அலை நம் ஊருக்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் இந்தப் பக்கத்தில் இத்தகைய வாட்சுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஜப்பானிலோ ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவில் வரும்போது அப்பாவுக்கென்று வாங்கி வருகிறார்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே நல்ல நிலையில் ஒன்று கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. வாங்கி வந்த பிறகு மணி ஜப்பானிய நேரத்திலேயே மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, முள் ஒன்று காட்ட டிஜிட்டல் வேறொன்று காட்டுகிறது, கூடவந்த கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கிறது. அப்படி மேஜை டிராயருக்குள் போய்விட்ட வாட்சுகளுக்காகத்தான் இந்த விமர்சனம். முறையாக செட் செய்தால் அவை அருமையாக ஓடக்கூடியவை.

என் கையில் இருப்பது கேசியோ ஜி-ஷாக் வரிசையில் ஏடபிள்யூஜி-எம்100. முள்ளும் உண்டு, டிஜிட்டலும் உண்டு. சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும். 200 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் வகை. உலகின் ஆறு நிலையங்களின் நேரச் சைகையை வாங்கும் திறன் உள்ளது. ஜப்பானில் இரண்டு (40, 60 கிலோஹெர்ட்ஸ்), அமெரிக்காவின் கொலராடோவில் ஒன்று (60), இங்கிலாந்தில் ஒன்று (60), ஜெர்மனியில் ஒன்று (77.5), சீனாவில் ஒன்று (68.5). எல்லாமே நெட்டலை. வாட்சுக்குள் மெல்லிய ஃபெரைட் கம்பி ஒன்று ஆன்டெனாவாக இருந்து இவற்றை வாங்குகிறது.

நிலையங்கள் அனுப்பும் முறை எளிமையானது. ஜப்பானிய நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு விநாடியும் பிறக்கும் கணத்தில் அலை முழு வலுவோடு எழும். அந்த வலு 0.8 விநாடி நீடித்தால் பூஜ்யம், 0.5 விநாடி நீடித்தால் ஒன்று, 0.2 விநாடியில் தணிந்தால் அது இடக்குறி. இப்படி 60 விநாடியில் ஒரு கட்டு வந்து சேரும். நிமிடம், மணி, ஆண்டின் எத்தனையாவது நாள், ஆண்டு, கிழமை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வாட்ச் சில கட்டுகளைத் தொடர்ந்து வாங்கி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பும். அதனால்தான் ஒருமுறை சரிசெய்ய 2 முதல் 7 நிமிடம் ஆகிறது. அலை பலவீனமாக இருந்தால் 14 நிமிடம் வரைகூட இழுக்கும்.

சீன நிலையத்தின் எல்லை சுமார் 1500 கிலோமீட்டர், ஜப்பானிய நிலையங்களின் எல்லை சுமார் 1000 கிலோமீட்டர் என்று கேசியோவின் கையேடே சொல்கிறது. சீன நிலையம் இருக்கும் ஷாங்சியூ நமக்கு 4000 கிலோமீட்டருக்கு அப்பால். ஜப்பானின் ஃபுகுஷிமா 6000 கிலோமீட்டருக்கும் மேல். பம்மல் மொட்டை மாடியில் இரவு முழுக்க வாட்சை வைத்துக் காத்திருந்து பயனில்லை. டெல்லியை உள்ளூராக செட் செய்துவிட்டால் வாட்சும் அந்த முயற்சியில் இறங்காது, இரவில் சார்ஜும் வீணாகாது.

ஆகவே முதல் வேலை ஊரை மாற்றுவது. நேரம் காட்டும் நிலையில் இடப்பக்க மேல் பொத்தானை விடாமல் அழுத்துங்கள். ஊரின் மூன்றெழுத்துச் சுருக்கம் மினுக்கத் தொடங்கும். வலப்பக்கக் கீழ்ப் பொத்தானைத் தட்டத் தட்ட ஊர்கள் மாறிக்கொண்டே வரும். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. டெல்லியைக் குறிக்கும் டி-இ-எல் வந்ததும் நிறுத்துங்கள். நமக்குத் தேவையான ஐந்தரை மணி வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. கூடவே டி-எஸ்-டி என்ற கோடைநேர அமைப்பு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்த வாட்சில் அது விழித்திருந்தால் மணி எப்போதும் ஒரு மணி நேரம் கூடுதலாகவே நிற்கும். மாற்றி முடித்ததும் முட்கள் விறுவிறுவென்று சுழன்று புது நேரத்துக்கு வந்து நிற்கும். அதுவரை எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள்.

இரண்டாவது வேலையைப் பலர் செய்வதே இல்லை. இது ஒரே உடம்புக்குள் இரண்டு கடிகாரம். டிஜிட்டல் பகுதிதான் உண்மையான கணக்கை வைத்திருக்கிறது. முட்கள் அதன் சொல்லைக் கேட்டு நகரும் மோட்டார்கள் மட்டுமே, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. கீழே விழுந்தாலோ, ஸ்பீக்கர், ஹேண்ட்பேக் காந்தப் பூட்டு போன்றவற்றின் பக்கத்தில் கிடந்தாலோ முள் சில அடிகள் தவறிப்போகும். பிறகு டிஜிட்டலில் நேரத்தை எத்தனை முறை திருத்தினாலும் முள் அதே பிழையோடுதான் நகரும். இதற்கென்றே முட்களை 12 மணியில் கொண்டுவந்து சரிபார்க்கும் அமைப்பு தனியாக உண்டு. அதற்குள் போனால் இரண்டு முட்களும் 12-இன் மேல் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பொத்தானைத் தட்டி நகர்த்தி நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் விலை பேசுமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. முள் அங்கே ஒழுங்காக நகர்ந்தால் மோட்டார் நலமாக இருக்கிறது என்று பொருள்.

இனி, அலையே இல்லாத ஊரில் அலை வாட்சுக்கு அலை கொடுப்பது எப்படி என்று பார்ப்போம். இதற்குச் செல்போன் போதும். நேரச் சைகையைப் போலி செய்யும் செயலிகள் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கின்றன. போனால் 40 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையை நேராக அனுப்ப முடியாது. ஆனால் 13.333 கிலோஹெர்ட்ஸில் ஒரு கீச்சொலியை உரக்க எழுப்ப முடியும். அந்த ஒலியை இயக்கும் மின்னோட்டத்தில் மும்மடங்கு அதிர்வும் கொஞ்சம் கலந்திருக்கும். 13.333-இன் மும்மடங்கு 40. இயர்போன் ஒயரோ ஸ்பீக்கர் சுருளோ அதற்கு ஆன்டெனாவாகிவிடுகிறது. எல்லை சில அங்குலம்தான், வாட்சுக்கு அது போதும்.

செய்முறை இது. முதலில் போனின் கடிகாரம் நெட்வொர்க் நேரத்தில் தானாக ஓடுகிறதா என்று பாருங்கள். வாட்சின் ஊரை டோக்கியோவுக்கு மாற்றுங்கள். செயலியில் ஜப்பானிய 40 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, ஜப்பான் நேரத்தையே அனுப்பச் சொல்லுங்கள். ஒயர் இயர்போனைச் செருகி, ஒயரை வாட்சைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். ஒலியை முழுதாக ஏற்றுங்கள். அந்த நேரத்தில் இயர்போனை யாரும் காதில் வைக்கவே கூடாது. செவிக்கு எட்டுவது மெல்லிய கீச்சாக இருந்தாலும் உள்ளே போகும் வலு அதிகம். பிறகு வாட்சில் கையால் சிக்னல் வாங்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு அசைக்காமல் விட்டுவிடுங்கள். திரையில் எல்-1, எல்-2, எல்-3 என்று வலு ஏறுவது தெரியும். எல்-3-இல் நிலைத்து நின்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எல்-1-லேயே தத்தளித்தால் வாட்சைச் சற்றுத் திருப்பி வையுங்கள். ஃபெரைட் கம்பிக்குத் திசை முக்கியம். பக்கத்தில் லேப்டாப் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, டிவி இருந்தால் அணைத்துவிடுங்கள், அவை எழுப்பும் மின் இரைச்சல் இந்த மெல்லிய அலையை விழுங்கிவிடும். சில நிமிடத்தில் நேரம் பிடிபட்டதற்கான அடையாளம் வரும். உடனே ஊரைத் திரும்பவும் டெல்லிக்கு மாற்றுங்கள். வாட்ச் மூன்றரை மணியைக் கழித்துக்கொள்ளும், விநாடி அப்படியே நிலைக்கும்.

செயலியில் இந்திய நேரத்தையே ஜப்பான் நேரம் போல அனுப்பிவிட்டு, வாட்சை டோக்கியோவிலேயே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். உலக நேரப் பகுதி முழுதும் பிழையாகிவிடும். துபாயில் இருக்கும் மகனுக்கு எப்போது போன் செய்யலாம் என்று பார்க்கத்தானே அந்தப் பகுதி இருக்கிறது.

சிக்னலே கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? மாதத்துக்கு 15 விநாடி வரை கூடலாம், குறையலாம் என்பதுதான் நிறுவனம் சொல்லும் கணக்கு. எந்த சாதாரண குவார்ட்ஸ் வாட்சும் இந்த அளவுக்குத்தான் ஓடும். அலுவலகம் போக, குரோம்பேட்டையில் மின்சார ரயில் பிடிக்க இது தாராளம். காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புக்கும் 11 மணிக்குத் தூங்கும் வசதி வகுப்புக்கும் தட்கல் திறக்கும்போது விரலைத் தயாராக வைத்திருப்பவர்களுக்கு விநாடி முக்கியம். அவர்கள் மாதம் ஒருமுறை மேலே சொன்ன இயர்போன் வேலையைச் செய்துகொள்ளட்டும்.

அன்றாடப் பயன்பாட்டில் எனக்கு இதில் பிடித்தது சோலார்தான். பைக் ஓட்டும்போது கையில் படும் வெயிலே இதற்குப் போதும், நம் ஊரில் அதற்கா பஞ்சம்? முழுக்கைச் சட்டைக்குள்ளேயே கிடந்தால்தான் சார்ஜ் இறங்கும். அதற்காக வண்டி டேங்க் மேலோ கார் கண்ணாடி ஓரத்திலோ நண்பகலில் வைத்துவிடாதீர்கள். கடும் சூட்டில் டிஜிட்டல் திரை கறுத்துவிடும். உள்ளே இருப்பது சி.டி.எல்.1616 என்ற ரீசார்ஜ் பேட்டரி. பல ஆண்டுகள் கழித்து மாற்ற நேர்ந்தால், அளவு ஒன்றாக இருக்கிறதே என்று சாதாரண சி.ஆர்.1616-ஐப் போட விடாதீர்கள். அது சார்ஜ் ஏற்றத் தகுந்ததல்ல. கடைக்காரரிடம் கேட்டு, பெயரைப் பார்த்த பிறகு மூடச் சொல்லுங்கள்.

குறைகளும் உண்டு. விநாடி முள் கிடையாது. நிமிட முள் 20 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு அடி எடுத்து வைக்கும். விநாடியை டிஜிட்டலில்தான் பார்க்க வேண்டும். ஆறரை மணி சுமாருக்கு இரண்டு முட்களும் கீழே இறங்கி டிஜிட்டல் எழுத்தின் மேல் படுத்துக்கொள்கின்றன. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்த நேரத்தில் சிரமம்தான். பெரியவர்களுக்கு வாங்கித் தருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாட்சோடு பழகப் பழக எனக்கு ஒரு வருத்தம் கூடிக்கொண்டே போகிறது. இந்திய ரயில்வேக்கெல்லாம் ஒரு காலத்தில் நேரம் கொடுத்த ஊர் நம் சென்னை. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. அங்கே கணித்த மதராஸ் நேரத்தில்தான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடெங்கும் ரயில்கள் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது அதற்கும் மதராஸ் நேரத்துக்கும் ஏறத்தாழ ஒன்பது நிமிட வித்தியாசம். பிறகு ஊர்ச் சங்கு, ஆகாசவாணிச் செய்திக்கு முன் வரும் பீப் ஒலி என்று மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள ஏதோ ஒரு பொதுச் சைகை இருந்துகொண்டே இருந்தது. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியோடு 10 மெகாஹெர்ட்ஸ் சிற்றலையில் நேரச் சைகை ஒலிபரப்பியதும் உண்டு. நெட்டலையில் மட்டும் நம்மிடம் ஒன்றும் இல்லை.

அரசு இப்போது இந்திய நேரத்தை நாடெங்கும் கொண்டுசேர்க்க முனைந்திருக்கிறது. அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வரம், ஃபரிதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து ஊர்களின் எடையளவு ஆய்வகங்கள் வழியாக நேரம் தரும் திட்டம் நடக்கிறது. எல்லாத் துறைகளும் அந்த நேரத்தையே பின்பற்ற வேண்டும் என்ற வரைவு விதிகளும் 2025 ஜனவரியில் வெளியாயின. இவை வங்கிக்கும் மின்கட்டமைப்புக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் மிகத் தேவையானவை. ஆனால் பம்மல் பள்ளிக்கூடச் சுவர்க் கடிகாரத்துக்கு இன்டர்நெட் இணைப்பு கிடையாது. சீன நிலையத்தைப் போல 1500 கிலோமீட்டர் எட்டக்கூடிய ஒரே ஒரு நெட்டலை நிலையத்தை நாக்பூரில் வைத்தால், 900 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குத் தாராளமாக வரும். கன்னியாகுமரியும் ஸ்ரீநகரும் குவாஹாட்டியும்கூட அந்த வட்டத்துக்குள் அடங்கும். நம் வெப்பமண்டல இடி மின்னல் இரைச்சலைச் சமாளிக்கக் கூடுதல் வலு தேவைப்படும் என்பது உண்மை. அதற்கு ஆகும் செலவைச் சுமந்தாவது செய்ய வேண்டிய காரியம் இது என்றே நினைக்கிறேன்.

அது வரும்வரை என் தீர்ப்பு இதுதான். உறவினர் கொண்டுவந்து கொடுத்தாலோ சந்தையில் மலிவாகக் கிடைத்தாலோ தயங்காமல் கட்டிக்கொள்ளுங்கள். சோலாரும் உழைப்பும் பணத்துக்குப் பழுதில்லை. ரேடியோ வசதிக்கென்று கடையில் கூடுதல் காசு மட்டும் கொடுக்காதீர்கள். விநாடி சுத்தமாக வேண்டும் என்பவர்கள் அதே விலையில் போனோடு புளூடூத்தில் இணையும் மாடலைக் கேளுங்கள், அல்லது கைக்கு வசதியிருந்தால் செயற்கைக்கோளிலிருந்தே நேரம் வாங்கும் சீகோ ஆஸ்ட்ரான், சிட்டிசன் சேட்டிலைட் வேவ் பக்கம் போங்கள். அவை பம்மலிலும் வேலை செய்யும்.