கோவாப் பேராலயத்துக் கத்தரீனம்மாள் மரச்சிற்பம்

பழைய கோவாவின் சே பேராலயத்துப் பெரும்பீடத்தைக் கண்ணால் மட்டும் அளப்போர் அதனை எளிதிற் புகழ்ந்துவிடுவர். பீடத்தின் பின்னே ஓங்கி நிற்கும் மரச்சுவர் முழுவதும் செதுக்குவேலை; அதன்மேற் பொற்பூச்சு. அலெக்சாந்திரியா நகரத்து வேதசாட்சியாகிய அர்ச். கத்தரீனம்மாளின் வாழ்வும் மரணமும் ஆங்கே புடைப்புச் சிற்பங்களாய் அமைந்துள்ளன. 1562இல் தொடங்கிய ஆலயத்தின் பீடங்கள் 1652இலேதான் நிறைவெய்தின. தொண்ணூறாண்டு உழைப்பைத் துச்சமெனத் தள்ளுதல் தகாது.

ஆயினும், இவ்வம்மையார் ஆங்கு எழுந்தருளிய காரணத்தை வினவுதல் வேண்டும். 1510 நவம்பர் 25ஆம் நாள் அல்புக்கேர்க்கு என்னும் போர்த்துக்கேயத் தளபதி பீஜப்பூர் அரசிடமிருந்து கோவாவைக் கைப்பற்றினான். அந்நாள் கத்தரீனம்மாளின் திருநாள். ஆதலின் வெற்றிக்கு நன்றிக்கடனாகப் பேராலயம் அவர் பெயர்க்காயிற்று. பழங்கதை காட்டும் கத்தரீனோ, பேரரசன் ஏவிய ஐம்பது அறிஞரைச் சொல்லால் வென்றவர். அவரைச் சிதைக்க அமைத்த சக்கரம் தானே உடைய, ஈற்றில் வாளுக்கிரையானவர். (இக்கதையை வரலாற்றாசிரியர் ஐயுறுவர். 1969இல் உரோமைப் பொது நாட்காட்டியினின்று நீங்கிய அவர் திருநாள் 2002இல் மீண்டது. அது நிற்க.) அரசனின் வாளுக்குப் பணியாதவரை அரசனொருவனின் வாள்வெற்றிக்குச் சின்னமாக்கினர். 1540ஐ ஒட்டி அந்நிலத்து இந்துக் கோயில்கள் இடிக்கப்பட்டதை நினைவார்க்கு இம்முரண் பின்னும் உறுத்தும்.

பொன்னும் அம்முரணுக்கே துணைபோகின்றது. புடைப்புச் சிற்பம் நிழலாற் பேசுவது. பொன்னோ எல்லா விளிம்பையும் ஒருங்கே மின்னச் செய்வது. துன்பமும் அணிவேலையும் ஒரே ஒளியிற் கலந்துவிடின், வேதசாட்சி மகுடம் சூடிய அரசியாகத் தோன்றுவாரேயன்றிக் கொலைக்களத்து நின்ற கன்னியாகத் தோன்றார். தேரிற் பூச்சின்றி நிற்கும் மரப்பாவைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும்.

மட்டக்களப்பார்க்கு இதனோடு ஒப்புநோக்க ஒரு கதையுண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில், போர்த்துக்கேயத் தளபதியின் முன்னே கல்நந்தி எழுந்து புல்லுண்டதென்பது கர்ணபரம்பரை. ஆங்கும் படைவலியின் முன் அற்புதமே விடையிறுத்தது; சக்கரம் உடைந்த கதையும் அவ்வினத்ததே. கொக்கட்டிச்சோலைக் கதையைப் பேணியவர் படையெடுப்புக்கு ஆளானவர். கோவாவில் அதனைப் பொன்னிற் பதித்தவர் படையெடுத்தவர்.

இக்குறை தச்சர்மேற் சாராது. கிறித்தவத் திருவுருவங்களை இந்துக் கம்மியர் செய்தலாகாதெனப் 16ஆம் நூற்றாண்டிலேயே கோவாவிற் கட்டளைகள் பிறந்தன. செய்யாதவரை எவரும் தடுப்பதில்லை. அவர் கைகள் அத்தொழிலில் முன்னரே பழகியிருந்தமைக்கு அத்தடையே சான்று.