வரம்புக்கு ஒரு வரம்பு

மலிவு விலை விமானங்களைத் திட்டுவதற்கு முன் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2003-ல் கேப்டன் கோபிநாத் 'ஏர் டெக்கான்' ஆரம்பித்திருக்காவிட்டால் நம்மில் பாதிப் பேர் இன்னமும் விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கையாட்டிக்கொண்டுதான் இருந்திருப்போம். அவர் கதையைத் தழுவி 2020-ல் வந்த 'சூரரைப் போற்று' படத்தில், டிக்கெட்டுக்குக் காசு போதாமல் சூர்யா விமான நிலையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கையேந்துவாரே... பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்றைக்கு எடுத்தால் அந்தக் காட்சியைப் பத்தடி தள்ளி, பெட்டியை எடை போடும் இடத்தில் வைக்கலாம்.

"சார், நாலு கிலோ கூட இருக்கு. கார்டா, கேஷா?"

அதற்குப் பிறகு நடப்பது உங்களுக்கே தெரியும். நட்டநடுத் தரையில் பெட்டி திறக்கப்படும். ஊறுகாய் பாட்டில், முறுக்கு டப்பா, துணி சுற்றிய வெண்கலக் குத்துவிளக்கு எல்லாம் சபைக்கு வரும். அப்பா ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையை மாட்டிக்கொள்வார். அம்மா, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார். பின்னால் வரிசை முனகும்.

கணக்கு இதுதான். உள்நாட்டில் பெட்டிக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ. முன்பு பெட்டிக்கு 20 இருந்தது. 2013-ல் தனியார் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதை 15 ஆக்கின.

கம்பெனிக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். எடை கூடினால் எரிபொருள் கூடும். வாஸ்தவம். 180 பேர் ஏறும் விமானத்தில் ஆளுக்கு 5 கிலோ குறைத்தால் 900 கிலோ மிச்சம். ஆனால், அந்த 900 கிலோவும் காலியாகவே பறக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சரக்கு கிடைத்தால் அந்த இடத்தில் சரக்கு ஏறும். நம் ஊறுகாய் இறங்கிய இடத்தில் யாருடைய பார்சலோ காசு கொடுத்து ஏறிக்கொள்கிறது.

எரிபொருள்தான் உண்மையான கவலை என்றால் பெட்டியோடு ஆளையும் சேர்த்தல்லவா நிறுக்க வேண்டும்? 2013-ல் 'சமோவா ஏர்' என்ற பசிபிக் தீவுக் கம்பெனி அப்படித்தான் செய்தது. ஆளும் பெட்டியும் சேர்த்து கிலோவுக்கு இவ்வளவு என்று வசூல். உலகமே சிரித்தது. கணக்கு என்று பார்த்தால் அதுதான் நேர்மையான கணக்கு. 50 கிலோ பெண்மணி 19 கிலோ பெட்டியோடு வந்தால் மொத்தம் 69. 95 கிலோ கனவான் 15 கிலோ பெட்டியோடு வந்தால் 110. நம் ஊரில் அபராதம் கட்டுவது பெண்மணி!

இந்த எடை சமாசாரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் நீலகிரியில் இருக்கிறார்கள். பந்தலூர் பக்கம், கேரள எல்லையை ஒட்டி, சேரங்கோடு என்று ஓர் ஊர். அரசுத் தேயிலைத் தோட்டமான 'டான்டீ'யின் ஒரு கோட்டம் அங்கே இருக்கிறது. விமானம் பிடிக்க வேண்டுமென்றால் அவர்களுக்குக் கோயம்புத்தூரைவிடக் கோழிக்கோடு கரிப்பூர்தான் பக்கம்.

தேயிலைக்காட்டில் பெண்கள் கொழுந்து பறித்து மூட்டை கட்டித் தலையில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவருவார்கள். தராசில் ஏற்றியதும் முதல் வேலை கழிப்பது. மூட்டைத் துணிக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று குறைத்த பிறகுதான் பாக்கி எடை பேரேட்டில் ஏறும். "கொழுந்துக்குத்தாம்மா கூலி, சாக்குக்கு இல்லை" என்பது அந்த உலகத்தின் சட்டம்.

அதே பெண், வெளியூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ தேயிலைத்தூள், மிளகு, நேந்திரங்காய் சிப்ஸ், பேரப்பிள்ளைக்கு ஸ்வெட்டர். எல்லாவற்றையும் சக்கரம் வைத்த புதுப் பெட்டியில் அடுக்குகிறார். பெட்டியே மூன்று, நாலு கிலோ. விமான நிலையத்துத் தராசு அதைக் கழிக்குமா? கழிக்காது. இங்கே சாக்குக்கும் சேர்த்துத்தான் கணக்கு. 15 கிலோ என்று சொன்னாலும் கையில் கிடைப்பது 11.

வாழ்நாள் முழுக்கக் கொடுக்கும்போது சாக்கைக் கழித்தார்கள். இப்போது கொண்டுபோகும்போது சாக்கைச் சேர்க்கிறார்கள். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது அதன் சொந்தக்காரர் யார் என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது. கூடுதல் ஒரு கிலோவுக்கு கவுன்ட்டரில் கேட்கும் தொகை, தோட்டத்தில் அவருடைய ஒரு நாள் கூலியை ஒட்டி வருகிறது.

வரம்பு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. பஸ்ஸிலும் மூட்டைக்கு லக்கேஜ் போடத்தான் செய்கிறார்கள். என் புகார் வேறு. கூடுதல் எடையை முன்கூட்டியே இன்டர்நெட்டில் வாங்கினால் ஒரு விலை, கவுன்ட்டரில் வந்து நின்றால் அதைவிட அதிக விலை. அதே பெட்டி, அதே விமானம், அதே எரிபொருள். அப்படியானால் அந்த வித்தியாசம் எதற்கு? முன்பே தெரிந்தால் ஏற்பாடு செய்ய வசதி என்பார்கள். இருக்கட்டும். நடைமுறையில் அது தெரியாமல் வந்ததற்கான அபராதம். அடிக்கடி பறக்கிறவர் தப்பித்துவிடுவார். மாட்டுவது யார்? டிராவல்ஸ் கடையில் யாரோ போட்டுக் கொடுத்த டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர். நிபந்தனைகள் பொடி எழுத்தில், இங்கிலீஷில். மலிவு விமானம் யாருக்காக வந்ததோ அவரிடமிருந்தே அதிகம் பிடுங்குகிறது.

சேரங்கோட்டுக்கு இந்த 'இவ்வளவுதான் கொண்டுபோகலாம்' என்ற பேச்சு புதிதல்ல. டான்டீ தோட்டங்கள் யாருக்காக உருவாயின? இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களுக்காக. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று, மூட்டைகளைப் பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்தார்கள். பலர் தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம் என்று வந்து சேர்ந்தார்கள். இவர்களுக்கு வேலை தர 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1976-ல் கார்ப்பரேஷன் ஆனது.

மூன்று தலைமுறை உழைப்பில் எதை எடுத்துக்கொண்டு வரலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது. அந்நியச் செலாவணிச் சட்டம் பிடித்து நிறுத்தியது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. ஒரு குடும்பம் கொண்டுபோகும் சொத்துக்கு இலங்கை வைக்கும் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக்கூடாது. இது பெருந்தன்மை இல்லை. 4,000 ரூபாயில் ஒரு வாழ்க்கை அடங்காது. ஆனாலும், அத்தனை இரக்கமற்ற பேரத்தில்கூட, வரம்புக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் ஆகாயத்திலும் அப்படி ஒன்று கொஞ்ச காலம் இருந்தது. 2016-ல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓர் உத்தரவு போட்டது. 15-லிருந்து 20 கிலோ வரைக்கும் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. கட்டணம் மறுபடி மேலே ஏறியது. 2021-ல், பெட்டியே இல்லாமல் வருகிறவர்களுக்குக் குறைந்த கட்டணம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லேப்டாப் பையோடு போய் மாலையே திரும்புகிறவருக்கு லாபம். மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற தாய் நம் ஊரில் உண்டா?

நான் கேட்பது இலவசம் அல்ல. கவுன்ட்டர் விலையும் முன்பதிவு விலையும் ஒன்றாக இருக்கட்டும். டிக்கெட்டில் கிலோ கணக்கு பெரிய எழுத்தில், பயணியின் மொழியில் இருக்கட்டும். வரிசைக்கு முன்னாலேயே ஒரு தராசு சும்மா இருக்கட்டும்.

அதெல்லாம் நடக்கும்வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. டிக்கெட் போடும் தம்பியிடம், "எத்தனை கிலோப்பா?" என்று முதலில் கேளுங்கள். காலிப் பெட்டியை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். குடும்பமாகப் போனால் எல்லோருக்கும் ஒரே பி.என்.ஆரில் டிக்கெட் எடுத்து, எடையைச் சேர்த்துக் கணக்கிடுவார்களா என்று விசாரியுங்கள். முக்கியமாக, உங்கள் தெருவில் யாராவது முதல்முறை விமானம் ஏறப்போகிறார் என்றால், வாழ்த்துச் சொல்லும்போதே இந்த 15 கிலோவையும் சொல்லி அனுப்புங்கள். அவர் பெட்டியில் இருக்கும் தேயிலைத்தூள் பத்திரமாகப் போய்ச்சேரும்.