பெட்டியில் குத்திய எழுத்து

ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவ பக்கத்து லயத்துக் காம்பராக்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை தேயிலைப் பெட்டி பல வேலை பார்த்தது. துணி வைக்கும் அலுமாரி அதுதான். அரிசி, மா வைக்கும் பெட்டகமும் அதுதான். கவிழ்த்துப் போட்டால் பிள்ளை குனிந்து வீட்டுப்பாடம் எழுதும் மேசை. விளிம்புத் தகரம் காலைக் கிழிக்கும். உள்ளே ஒட்டிய ஈயத்தாள் பல வருடம் கழித்தும் தூள் வாசம் வீசும். பக்கப் பலகையில் கறுப்பு மையில் குத்திய எழுத்துகள்: தோட்டத்தின் பேர், தூளின் தரம், பெட்டி எண், எடை.

இந்த எழுத்துகளை யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை. மலையகத்திலிருந்து கிராஃபிக் டிசைன் படிக்கப் போகிற பிள்ளைதான் பார்க்கிறது, அதுவும் ஊரை விட்டுப் போன பிறகு. முதல் வருடத்தில் எழுத்துரு பற்றிய பாடம் வரும். திரையில் ஜெர்மனியின் பவுஹவுஸ் வடிவமைப்புப் பள்ளி ஓடும். 1920-களின் நடுவில் ஜோசப் ஆல்பர்ஸ் சதுரம், முக்கோணம், கால்வட்டம் என்ற சில துண்டுகளை மட்டும் வைத்து ஸ்டென்சில் எழுத்து செய்தார் என்று விரிவுரையாளர் சொல்லுவார். அப்போது அந்தப் பிள்ளைக்கு வீட்டிலிருக்கும் பெட்டி நினைவுக்கு வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஸ்டென்சிலின் அழகு அதன் இக்கட்டில் இருக்கிறது. தகட்டில் எழுத்தை வெட்டி எடுத்தால், ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தின் நடுவயிறு பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். விழாமல் நிற்க ஒரு பாலம் விட வேண்டும். தேயிலை ஏலத்தில் அதிகம் கேட்கும் தரங்களில் ஒன்றான பி.ஓ.பி.யை எடுங்கள். ‘பி’க்கு இரண்டு வயிறு, ‘ஓ’வுக்கு ஒன்று, கடைசி ‘பி’ வேறு எழுத்து, அதற்கும் ஒன்று. ஆக மூன்றெழுத்தில் நான்கு தீவு, நான்குக்கும் பாலம். பாலத்தை எங்கே விடுவது, எவ்வளவு அகலம் விடுவது என்பதில்தான் தகடு வெட்டியவரின் கை தெரியும். ஒல்லியாக விட்டால் நூறு பெட்டிக்குள் தகடு வளைந்துவிடும். தடிப்பாக விட்டால் எழுத்து எழுத்தாக இருக்காது. ‘ஓ’வை நெட்டாகப் பிளந்தவர்கள் உண்டு; கோப்பிக் கொட்டை போல இருக்கும். தேயிலைப் பெட்டியில் கோப்பிக் கொட்டை!

மை தொடுவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. தூரிகையை இழுக்கக் கூடாது. குட்டை மயிர்த் தூரிகையை நிமிர்த்திப் பிடித்துக் குத்த வேண்டும். மை கூடினால் தகட்டுக்கு அடியில் கசிந்து எழுத்துக்கு மீசை முளைக்கும். குறைந்தால் பலகையின் ரேகை தெரியும், அது ஒரு தனி அழகு. இன்றைக்குக் கணினியில் எழுத்தை வேண்டுமென்றே தேய்த்து, பழசாக்கிக் காட்ட மாணவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் அது மை தீர்ந்துபோனதால் தானாக வந்தது.

1937இல் அமெரிக்காவில் இரண்டு அச்செழுத்து நிறுவனங்கள் அடுத்தடுத்த மாதங்களில் ‘ஸ்டென்சில்’ என்ற பெயரிலேயே எழுத்துரு வெளியிட்டன. ஒன்று ராபர்ட் ஹன்டர் மிடில்டன் வரைந்தது, மற்றது ஜெரி பவல் வரைந்தது. இரண்டும் சரக்குப் பெட்டியின் எழுத்தைப் பார்த்துத்தான் பிறந்தன. பாடப்புத்தகத்தில் அவர்கள் பேர் இருக்கிறது. மலையில் தகடு வெட்டியவர் பேர் எதிலும் இல்லை.

அந்தப் பிள்ளை செய்து பார்க்கக்கூடிய நல்ல பயிற்சி ஒன்று உண்டு. ஹட்டனை ‘அட்டன்’ என்று தோட்டத்து ஆட்கள் சொல்கிற மாதிரியே எழுதி, தகட்டில் வெட்டிப் பார்க்கலாம். ‘ட்’ சொன்னபடி கேட்கும். ஒரு நெடுங்கோடு, ஒரு கிடைக்கோடு, மேலே ஒரு துளை, பாலமே வேண்டாம். ‘அ’வின் சுழி விழுந்துவிடும். ‘ன’வின் சுழியும் விழும். அடுத்து ‘தேயிலை’ எழுதினால் தலைவலி ஆரம்பம்: இரட்டைச் சுழிக்கொம்பு, ஐகாரத்தின் சுருள், எல்லாவற்றுக்கும் பாலம் போட்டால் எழுத்து நொண்டும். தமிழ் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் சுழித்த எழுத்து; தகட்டை வெட்டுவதற்கென்று வளர்ந்தது அல்ல. அதனால்தான் நல்ல தமிழ் ஸ்டென்சில் செய்வது மாணவருக்கு உண்மையான பரீட்சை. பெட்டிகளில் அந்தத் தேவை எழவில்லை. கொழும்பில் 1883 ஜூலை 30ஆம் திகதி தொடங்கிய தேயிலை ஏலத்தில் கேட்டவர்கள் ஆங்கிலம் படிப்பவர்கள். பெட்டியைத் தோளில் ஏற்றியவர்கள்தான் தமிழ் பேசினார்கள்.

பெட்டியின் பலகைக்கும் ஒரு கதை உண்டு. பலகையை மெல்லிய தாள்களாகச் சீவி, ரேகை குறுக்குமறுக்காக ஒட்டிய ஒட்டுப்பலகையில் செய்த ‘வெனெஸ்டா’ பெட்டிகள் தேயிலை உலகில் பேர்போனவை. பலகை வந்தது எஸ்தோனியாவின் லூதர் தொழிற்சாலையிலிருந்து. அந்த வெனெஸ்டா கம்பனிக்காக 1930இல் லண்டன் கண்காட்சி ஒன்றில் விற்பனை அரங்கை வடிவமைத்தவர்களில் ஒருவர் கட்டடக்கலைஞர் லெ கோர்பூசியே. வெனெஸ்டாவில் வேலை பார்த்த ஜாக் பிரிட்சர்ட் பிறகு ‘ஐசோகான்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முன்பு பவுஹவுஸில் கற்பித்தவரும் நாசிகளுக்குத் தப்பி வந்தவருமான மார்செல் பிராய்ர் அதற்காக ஒட்டுப்பலகையில் நீள நாற்காலி செய்தார், 1930-களின் நடுவில். அதற்கு விளம்பரத்தாள் வடிவமைத்தவர் பவுஹவுஸில் கற்பித்த இன்னொருவரான மொஹோய்-நாட்ஜ். இவ்வளவு பெரிய பேர்களும் ஒரு தேயிலைப் பெட்டியின் உறவுக்காரர்கள். நவீன வடிவமைப்பு வரலாறு என்று ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகும் பாடத்தில், லயத்து மூலையில் துணி அடைத்து வைத்த பெட்டியும் ஒரு அத்தியாயம்தான் என்று அந்தப் பிள்ளை எழுதினால் மதிப்பெண் குறைக்க யாருக்கும் நியாயம் கிடையாது.

பெட்டியை விட்டுத் தேயிலை விளம்பரச் சுவரொட்டிக்கு வந்தால் ரசனை கொஞ்சம் கசக்கும். பிரிட்டனின் பேரரசுச் சந்தை வாரியம் 1926 முதல் 1933 வரை நல்ல ஓவியர்களை அமர்த்தி, ஐந்து சட்டங்கள் வரிசையாக உள்ள பலகைகளில் சுவரொட்டி ஒட்டியது. சிலோன் தேயிலையும் அதில் வந்தது. 1932இல் சிலோன் தேயிலைப் பிரச்சார வாரியம் வந்தது. நிறம், கட்டமைப்பு, எல்லாம் முதல்தரம். ஆனால் அன்றிலிருந்து இன்றைய பைக்கற்று வரை ஒரே பெண் திரும்பத் திரும்ப வருகிறாள்: தலையில் கூடை, கையில் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும், முகத்தில் சிரிப்பு. மழைக்குப் போர்த்தும் படங்கு அந்தப் படத்தில் இருக்காது. அட்டை கடித்த கால் இருக்காது. பெட்டி எழுத்து எவ்வளவு நேர்மையோ, அவ்வளவு பொய் இந்தச் சிரிப்பு.

அதே பிரச்சார வாரியத்தின் காசில்தான் ‘சாங் ஒஃப் சிலோன்’ படமும் வந்தது என்பது வேடிக்கை. 26 வயது பாசில் ரைட்டிடம் நான்கு சின்னப் பயணப் படங்கள் எடுத்துத் தரும்படி சொன்னார்கள். அவர் 1934இல் நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படமாகக் கொண்டுவந்தார். வர்ணனைக் குரல் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்டுடையது. ‘வணிகத்தின் குரல்கள்’ என்ற மூன்றாம் பகுதியில் சந்தை விலையும் தந்திச் செய்தியும் ஒலிக்க, திரையில் இங்குள்ள ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்து, கேட்காததையும் உள்ளே வைப்பது எப்படி என்று கற்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

பெட்டி எழுத்தை ரசிக்கும்போது மறக்கக் கூடாத இன்னொரு எழுத்து உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன உலோக வில்லை கொடுத்தார்கள். தோட்டத்தின் அடையாளமும் ஆளின் எண்ணும் அதில் பொறித்திருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் மலையேறினார்கள். பெட்டிக்குத் தோட்டத்துப் பேரும் எண்ணும்; ஆளுக்கும் தோட்டத்து அடையாளமும் எண்ணும். வடிவமைப்புப் படிக்கிறவர் அந்த வில்லையை அடையாளச் சின்னம் என்ற தலைப்பில் படிப்பாரா, வேறு தலைப்பிலா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

தோட்டத்துப் பொருள்களிலிருந்து கலை செய்வதை வேலையாகவே எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தேயிலைக் கறை, தேத்தண்ணி வடி போன்ற அன்றாடப் பொருள்களைக் கொண்டு தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையைப் படைக்கிறார். வடி என்பது சக்கையைப் பிடித்துக்கொண்டு சாற்றை அடுத்தவர் கோப்பைக்கு விடும் பொருள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கடையில் விலைக்கு வாங்கிய சாயம் இதைச் சொல்லியிருக்காது. ஊரின் பொருளே ஊரின் மொழியாகிற இடம் அது. பயிற்சிப் பணி எழுதும் மாணவர்கள் பார்க்க வேண்டியது இந்தத் துணிச்சலைத்தான். அவருடைய பாணியைப் பிரதி எடுப்பதில் பிரயோசனம் இல்லை.

மரப்பெட்டியின் காலம் போய்விட்டது. தூள் இப்போது பல அடுக்குக் காகிதச் சாக்கில் கொழும்புக்கு இறங்குகிறது. பழைய பெட்டிகள் விறகாகின்றன, சில உல்லாச விடுதிகளில் அலங்காரமாக நிற்கின்றன. தகடுகள் பழைய இரும்புக்காரரிடம் போகின்றன. உங்கள் வீட்டில் ஒரு பெட்டி மிச்சமிருந்தால், அடுப்பில் வைக்கும் முன் எழுத்துள்ள பக்கத்தை மட்டும் கழற்றி வையுங்கள். முடியாவிட்டால் பகல் வெளிச்சத்தில் நேராகப் பிடித்து ஒரு படம் எடுங்கள். எந்த ஸ்டோர், எந்த வருடம், தகடு வெட்டியவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்னால் எழுதி, படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள்.