கேட்டதைத் தேடித் தந்த கூட்டம்

முன்பின் அறியாதவர்களிடம் இணையத்தில் உதவி கேட்பது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? இந்தியாவில் கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 ஏப்ரல், மே மாதங்களைவிடக் கடுமையான சோதனை இந்தக் கேள்விக்கு வாய்த்ததில்லை. நோயாளியின் வயது, ஊர், ஆக்சிஜன் அளவு, உடனிருப்பவரின் கைப்பேசி எண் ஆகியவற்றை ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டுக் குடும்பங்கள் தவித்துக் காத்திருந்தன. பலருக்குப் பதில் வந்தது. நோயாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்திருப்பவரால் பத்து மருத்துவமனைகளுக்குப் போன் போட முடியாது. எங்கோ இருந்த இருபது பேர் பட்டியலைப் பங்கு போட்டுக்கொண்டு அழைத்தார்கள். இப்படி உதவி கேட்பவர்களைப் பொய்த்தகவல் பரப்புவோராகக் கருதி ஒடுக்கக் கூடாது என்று ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. மிகச் சரியான எச்சரிக்கை.

வந்த தகவல்களின் தரம் வேறு விஷயம். காலிப் படுக்கை சிறிது நேரத்தில் நிரம்பிவிடும். அதைப் பற்றிய செய்தி நாள்கணக்கில் சுற்றும். தன்னார்வலர்கள் சிலர் தாங்களே அழைத்து விசாரித்து, எத்தனை மணிக்குச் சரிபார்த்தோம் என்பதையும் குறித்துப் பகிர்ந்தார்கள். உண்மையான உதவி அதுதான். வந்ததை அப்படியே தள்ளிவிட்டவர்கள், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், எடுக்கப்படாத எண்களை அழைத்தே நேரத்தை இழக்க வைத்தார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்தவர்களும், எண்ணைப் பகிர்ந்த பெண்களைத் தொல்லைசெய்தவர்களும் இதே வழியில்தான் நுழைந்தார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. கூட்டம் கேட்டதைத் தேடித் தந்தது. கேட்டது தேவைதானா என்று கேட்கவில்லை. மருத்துவமனையில் இருக்கும் நோயாளிகளுக்கு, பலரும் தேடிய ரெம்டெசிவிர் மருந்து வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது. 2022இல் அந்நிலை மாறியது உண்மை. ஆனால் அன்று கையிலிருந்த வழிகாட்டுதல் அதுதான். குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மாவின் கதை இதைவிட வேதனையானது. இந்தியாவிலேயே 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடந்த ஆய்வு, அது நோய் முற்றுவதையோ மரணத்தையோ குறைக்கவில்லை என்று 2020இலேயே காட்டிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதைச் சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கியது 2021 மே 17 அன்றுதான். அதுவரை கொடையாளர் தேடி எத்தனை பதிவுகள்! மருந்துச் சீட்டு எழுதித் தந்தவர்கள் மருத்துவர்கள் என்பதால் பழியில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான். எனினும் அத்தனை ஆயிரம் பகிர்வுகள், பயன் உறுதிப்படாத சிகிச்சைகளை உயிர்காக்கும் பொருள்களாகத் தோன்றவைத்தன. சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிருக்காக நீண்ட வரிசையிலும் அந்தத் தோற்றத்திற்குப் பங்குண்டு.

யார் குரல் கேட்டது என்பதும் முக்கியம். ஸ்மார்ட்போனும் ஓரளவு ஆங்கிலமும், பின்தொடர்வோர் நிறைந்த நண்பரும் இருந்தவரின் பதிவு பரவியது. மாவட்ட அரசு மருத்துவமனை வளாகத்தில் ஆம்புலன்சுக்குள் காத்திருந்த கூலித்தொழிலாளிக்குப் பதிவே இல்லை. அந்த மே மாதம் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் இயங்கிய தமிழக அரசின் கட்டளை மையத்தை நான் உயர்வாக மதிப்பது இதனால்தான். ட்விட்டரில் வந்த கோரிக்கையும் 104 என்ற உதவி எண்ணுக்குச் சாதாரண போனில் வந்த அழைப்பும் அங்கே போய்ச் சேர முடிந்தது. படுக்கை இல்லையென்றால் ஏன் என்று கேட்க, பொறுப்புள்ள ஓர் இடம் இருந்தது. தன்னார்வலர் குழுவிடம் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.