லெவல் பார்க்கும் காவலாளி

ஆர்பிஜி எனப்படும் பாத்திரமேற்றல் விளையாட்டுகளில் ஊறிய ஒருவர், பதுங்கி ஆடும் ஸ்டெல்த் விளையாட்டு தனக்குச் சரிவருமா என்று கேட்டால், இப்போதெல்லாம் ஒரே பதில்தான் கிடைக்கிறது: 'அசாசின்ஸ் கிரீட் ஒடிஸி'யில் தொடங்கு, இல்லையென்றால் அதே தொடரில் 2025இல் வந்த 'ஷாடோஸ்' எடு, லெவல் இருக்கிறது, ஸ்கில் ட்ரீ இருக்கிறது, வாளும் கவசமும் சேர்க்கலாம், உனக்குப் பழகிய எல்லாமே அதில் உண்டு. கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வழி தவறாகக் காட்டப்படுகிறது. ஆர்பிஜி விரும்பியை ஸ்டெல்த் பக்கம் கூட்டிவரும் பாலம் என்று புகழப்படும் இந்தக் கலவைதான் ஸ்டெல்த்தின் உயிரைக் குடிக்கிறது. ஆர்பிஜியும் அதனால் ஒன்றும் கொழுத்துவிடவில்லை.

இந்தக் கலவையின் நிறைகளை மறுப்பதற்கில்லை. 'ஒடிஸி' (2018) பண்டைய கிரேக்கத்தைத் தீவு தீவாக விரித்துக் காட்டிய விதம் அழகு. உரையாடலில் தெரிவுகளும் தந்தது. 'ஷாடோஸ்' அந்தத் தொடரில் முதன்முறையாக இருட்டை உண்மையான மறைவிடமாக்கியது. விளக்கை அணைத்துவிட்டு நிலத்தில் படுத்து ஊர்ந்து போகலாம். நீண்ட கதையும் வளர்ந்து வரும் நாயகனும் வேண்டும் என்பவருக்கு இவை குறை வைப்பதில்லை. இதற்குமேல் இவற்றின் தரப்பில் சொல்ல அதிகமில்லை.

சிக்கல் அடியில் இருக்கிறது. 'ஸ்கைரிம்' (2011) போன்ற ஆர்பிஜியில் மறைந்து நடப்பது பாத்திரத்தின் திறமை. பதுங்கும் திறன் 15 என்றால் காவலாளி பார்த்துவிடுவான். 100 என்றால் மூக்குக்கு நேரே நின்றாலும் பார்க்கமாட்டான். ஸ்டெல்த் விளையாட்டில் மறைந்து நடப்பது ஆடுகிறவரின் திறமை. லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட 'தீஃப்' இதற்கு இன்றும் அளவுகோல். திரையின் அடியில் ஒரு சிறு மணிக்கல், வெளிச்சத்தில் நின்றால் ஒளிர்கிறது, இருட்டில் மங்குகிறது. ஓட்டுத் தளத்தில் கால் வைத்தால் சத்தம், இரும்பில் இன்னும் சத்தம், கம்பளத்தில் சத்தமே இல்லை. பந்தத்தை அணைக்க நீர் அம்பு, சத்தமிடும் தரையை மெத்தையாக்கப் பாசி அம்பு. காரெட் என்ற அந்தத் திருடன் கடைசிக் கட்டத்திலும் முதல் கட்டத்தில் இருந்த அதே மனிதன்தான்; கருவிகள் கூடலாம், உடம்பில் எண் எதுவும் ஏறுவதில்லை. ஏறுவது ஆடுகிறவரின் காதும் கண்ணும் பொறுமையும்தான்.

வேலணையிலோ புங்குடுதீவிலோ கிளித்தட்டு ஆடி வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. குறுக்குக் கோட்டில் நிற்பவர் தன் கோட்டை விட்டு விலக முடியாது. நடுக்கோட்டில் ஓடக்கூடியவர் கிளி ஒருவர்தான். கிளி எந்தப் பக்கம் சாய்கிறார், கோட்டுக்காரரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து, அந்தக் கணத்தில் பாய்பவர் கடக்கிறார். விதி எல்லாருக்கும் ஒன்று, எல்லாருக்கும் தெரிந்தது. தொடாமல் கடந்தவரை நிறுத்தி, 'கிளியின் லெவல் 30, உன்னுடையது 12, ஆகவே நீ கடந்தது செல்லாது' என்று யாராவது சொன்னால் அந்த ஆட்டத்தில் மிச்சம் என்ன?

2017இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்' அதைத்தான் செய்தது. 2007இல் தொடங்கிய அந்தத் தொடரின் முத்திரையே மணிக்கட்டில் ஒளித்துவைத்த கத்தி. யாரும் காணாமல் ஒருவரின் முதுகுவரை போய்விட்டால் காரியம் முடிந்தது; பதுங்கி வந்த உழைப்புக்கு அதுவே கூலி. 'ஒரிஜின்ஸ்' நாயகன் பாயெக் கோட்டையின் பின்சுவரால் ஏறுகிறான், நாலு காவலரைக் கணக்குப் பார்த்துத் தவிர்க்கிறான், தளபதியின் பின்னால் நின்று கத்தியை இறக்குகிறான். தளபதி உயிர்ச்சக்தியில் ஒரு பங்கை மட்டும் இழந்து, திரும்பி நின்று சண்டை பிடிக்கிறான். காரணம், அவன் தலைக்குமேல் சிவப்பு மண்டையோடு: அவன் லெவல் மிக உயர்ந்தது. கத்தியைப் பொருள் சேர்த்து மேம்படுத்திவிட்டு வரவேண்டுமாம். அந்த இடத்தில் ஆடுகிறவர் ஒரு பிழையும் விடவில்லை. இருட்டு சரி, நேரம் சரி, வழி சரி. தோற்றது அவர் அல்ல, அவருடைய எண். இதற்குப் பிறகு கோட்டையைக் கவனித்துப் படிப்பதற்கு என்ன தூண்டுதல் இருக்கிறது? அந்த நேரத்தில் நாலு துணைப்பணிகளைச் செய்து லெவலை ஏற்றலாம் என்றுதான் தோன்றும். கவனிப்புக்குக் கூலி கொடுத்த ஒரு கலை, நேரம் செலவழிப்பதற்குக் கூலி கொடுக்கும் வேலையாக மாறிப்போகிறது.

எண் இல்லாமல் ஆர்பிஜி ஏது என்று கேட்கலாம். 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டு முழுக்கப் பகடையும் எண்ணும்தான். மறுவருடம் 'கிரேஹோக்' இணைப்பு நூலில் திருடன் என்ற வகுப்பு சேர்ந்தபோது, நிழலில் மறைவதற்கும் ஓசையின்றி நடப்பதற்கும் சதவீதம் குறித்துக் கொடுத்தார்கள். உண்மை. ஆனால் அங்கே எண் ஏன் தேவைப்பட்டது? மேசையைச் சுற்றியிருப்பவர்களுக்கு நிழலைக் காட்ட வழியில்லை, காலடியைக் கேட்பிக்க வழியில்லை. இல்லாததன் இடத்தை எண் நிரப்பியது. திரையில் நிழலே இருக்கிறது, காலடியே கேட்கிறது. கண்ணெதிரே இருக்கும் இருட்டைப் பொய்யாக்கி, எண்ணை மெய்யாக்குவது மரபைப் பேணுவது ஆகாது. 'விரும்பினால் அமைப்பில் போய், ஒரே குத்தில் கொல்லும் தெரிவைப் போட்டுக்கொள்ளலாமே' என்பது இன்னொரு வாதம். அதே தொடரின் 'வல்ஹல்லா'விலும் (2020) 'ஷாடோஸ்'இலும் அந்தத் தெரிவு உண்டு. லெவலால் ஸ்டெல்த் கெடுகிறது என்பதைத் தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

'டியூஸ் எக்ஸ்' (2000) ஆர்பிஜி, ஸ்டெல்த் இரண்டையும் சேர்த்து வென்றதே என்பதுதான் கனமான மறுப்பு. வென்றது, ஆனால் அங்கே எண் நாயகனின் கையில் மட்டும்தான், காவலாளிகள் லெவலை அணிந்துகொண்டு நிற்பதில்லை. தொடரின் பின்வந்த 'ஹியூமன் ரெவலூஷன்' (2011) தலைமை எதிரிகளுடன் கட்டாயச் சண்டையைத் திணித்து, பதுங்கியே வந்தவர்களைச் சுவரில் மோதவிட்டது. 2013 பதிப்பில் அந்தக் கட்டங்களைத் திருத்தி மாற்று வழி வைக்க வேண்டியதாயிற்று.

ஆர்பிஜி விரும்பி உண்மையில் தேடுவது எண்ணையா? நான் அப்படி நினைக்கவில்லை. தான் யார் என்பதைத் தானே தெரிந்தெடுக்க வேண்டும், அந்தத் தெரிவுக்கு உலகம் பதில் சொல்ல வேண்டும். இதை லெவலே இல்லாத ஸ்டெல்த் விளையாட்டுகள் ஆழமாகத் தருகின்றன. 'தீஃப்' மிகக் கடினமான நிலையில் மனிதரைக் கொல்லவே தடை விதிக்கிறது. நீ திருடன், கொலைகாரன் அல்ல என்று ஒரு விதியால் பாத்திரத்தைச் செதுக்கிவிடுகிறது. ஆர்கேன் நிறுவனத்தின் 'டிஸ்ஆனர்ட்' (2012) நீ கொன்ற உயிர்களை நினைவில் வைத்திருக்கிறது. கொலை கூடக்கூட நகரத்தில் எலியும் கொள்ளைநோயும் பெருகுகின்றன, முடிவும் இருள்கிறது. அதில் ஒரு முகமூடி விருந்து வருகிறது. ஊரே தேடும் குற்றவாளியான நாயகன் கொர்வோ தன் பேர்போன முகமூடியுடனேயே உள்ளே போகிறான். துணிச்சலான வேடம் என்று விருந்தினர் எண்ணிக்கொள்கிறார்கள். வருகைப் புத்தகத்தில் தன் சொந்தப் பெயரையே எழுதலாம். பாத்திரமேற்றல் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? யுத்த காலத்தில் தீவகத்தின் காவலரண்களைக் கடந்து போய்வந்தவர்களுக்குத் தெரியும்: கடப்பது பெரும்பாலும் இருட்டால் அல்ல, முகத்தாலும் சொல்லாலும் கையிலிருக்கும் அடையாள அட்டையாலும். காவலாளியின் கண்முன்னே வேறொருவராக நிற்பதும் மறைவுதான். ஆர்பிஜி விரும்பி ஸ்டெல்த்துக்குள் நுழையச் சரியான வாசல் இதுவே.

ஆகவே கேள்விக்கு என் பதில்: சரிவரும், 'டிஸ்ஆனர்ட்' அல்லது 'டியூஸ் எக்ஸ்' இல் தொடங்கினால். பாத்திரம் பலசாலியாவதைப் பார்ப்பதுதான் ஆர்பிஜியில் ஒருவருக்குப் பிடித்தது என்றால், ஸ்டெல்த் அவருக்குச் சரிவராது. அவர் ஆர்பிஜியிலேயே இருப்பது நல்லது, கலவையைத் தேடிப் போக வேண்டாம். 'ஷாடோஸ்' 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கிறது, புதிய கணினியும் கேட்கிறது. கைபேசி டேட்டாவை நம்பி நெடுந்தீவில் இருப்பவருக்கு அது எளிதில் எட்டாது. 'தீஃப்', 'டியூஸ் எக்ஸ்' இரண்டும் ஏறக்குறைய 1 ஜிபி அளவில் அடங்கும். பழைய கணினியிலும் ஓடும். 'தீஃப்' இன் முதல் ஒரு மணி நேரம் அலுப்பாக இருக்கும், கால்விரலில் நடக்கவே பழகவேண்டி வரும். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும்.