குழாய் கட்டிய கல்யாணங்கள்

கல்யாண வீட்டில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிட்டால் பத்திரிகை கிடைக்காதவருக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும். மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கத்து ஊர்களில் அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை இதுதான் நடப்பு. முதல் நாளே மைக் செட்டுக்காரர் வந்து இறங்குவார். புளிய மரத்து உச்சாணிக் கிளையில் ஒரு குழாய் கிழக்கே பார்த்து, இன்னொன்று மேற்கே பார்த்து. ஆம்ப்ளிஃபயர் சூடேறியதும் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. அது முடிகிறவரை அடுத்த இசைத்தட்டில் கை வைக்கமாட்டார்.

இன்றைக்குக் கல்யாண வரவேற்புக்கு டிஜே பிடிக்கிறவர்கள், அந்த ஆளுக்கும் இந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடும். இருவருக்கும் ஒரே தொழில். யாரோ பாடி வைத்ததை எடுத்து ஒரு வீட்டின் நல்ல நாளுக்கு வரிசைப்படுத்திக் கொடுப்பது. அந்த வரிசையில்தான் ரசனை தெரியும். அதில் பழைய மைக் செட்டுக்காரரை மிஞ்சியவர்கள் மிகக் குறைவு.

மூன்று பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பெண் அழைப்புக்கு ‘பாசமலர்’ (1961) படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி குழுவினரோடு பாடிய தோழியர் பாட்டு. பெண்ணை அனுப்பும்போது ‘பானை பிடித்தவள் பாக்கியசாலி’ (1958) படத்தில் திருச்சி லோகநாதன் பாடிய புத்திமதிப் பாட்டு. மாப்பிள்ளை வீட்டு வாசலில் அவள் கால் வைக்கும்போது ‘சாரதா’ (1962) படத்துக்காக கே.வி.மகாதேவன் இசையமைத்த மருமகள் வரவேற்பு. வெவ்வேறு படங்கள், வெவ்வேறு கவிஞர்கள். மூன்றையும் கோத்து ஒரே சடங்கின் பாட்டாக ஆக்கியவர்கள் பெயர் தெரியாத மைக் செட்டுக்காரர்கள்.

மூன்றிலும் ஈஸ்வரியின் பாட்டுக்குத்தான் முதல் இடம். லோகநாதன் பாட்டில் உருக்கம் கூடுதல் என்பவர்கள் உண்டு. அந்த உருக்கம் உண்மைதான். ஆனால் அழுகைக்கு முந்தைய நாளின் குதூகலத்தைக் கொண்டுவருவது அதைவிடக் கடினம். கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி மெட்டமைத்த அந்தப் பாட்டில் ஈஸ்வரி தனியாக நின்று பாடுவதே இல்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து முன்னால் வருகிறார், மறுபடி கூட்டத்துக்குள் போகிறார். அவர் கோரஸ் பாடகியாகத் தொடங்கியவர். அவருடைய அம்மாவும் கோரஸ் பாடியவர்தான். 1958-ல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி.மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். நாட்டுக்கே அவர் பெயரைச் சொல்லிக்கொடுத்தது ‘பாசமலர்’. பல குரல்களோடு சேர்ந்து மூச்சு விடத் தெரிந்தவருக்குத்தான் அப்படிப் பாட வரும். இளக்காரமில்லாத கேலி, வாஞ்சையோடு ஒரு இழுப்பு, பெண்ணைச் சீண்டிக்கொண்டே கைப்பிடித்துக் கூட்டிப்போகிற தோரணை எல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்குள் இருக்கின்றன.

அந்தப் படத்தின் முடிவு ஊரறிந்த சோகம். அண்ணனும் தங்கையும் சாகிற கதை. ஆனாலும் கல்யாண வீட்டில் இந்தத் தட்டு ஓடும்போது யாருக்கும் அந்த நினைப்பு வருவதில்லை. பாட்டு படத்தைவிட்டு வெளியேறி வீடுகளுக்குச் சொந்தமாகிவிட்டது. அதே படத்தில் டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் பாடிய தாலாட்டு அப்படி வெளியேறவில்லை. அதற்குள் கண்ணீர் இருக்கிறது. நல்ல மைக் செட்டுக்காரர் அதைப் பெட்டியின் அடியிலேயே வைத்திருப்பார். எதைப் போடக்கூடாது என்று தெரிந்தவரைத்தான் ஊர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது.

ஈஸ்வரியின் பாட்டு முந்தி நிற்க இன்னொரு காரணம் குழாய். சுமார் 300 ஹெர்ட்சுக்குக் கீழே குழாய்க்கு வலு இல்லை. தபேலாவின் அடிநாதம் அதில் பாதி செத்துவிடும். ஆனால் நடுக்குரல் வயல் தாண்டிப் போகும். கூர்மையும் கணீரும் சேர்ந்த ஈஸ்வரியின் குரலுக்கு அந்தத் தகரக் கூம்பு மிகவும் பொருந்தியது. பிற்காலத்தில் ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் குழாய்களை அவர் குரல் ஆண்டதற்குப் பக்தியோடு இந்தப் பொருத்தமும் காரணம். வீட்டில் நல்ல ஹெட்போனில் இதே பாட்டைக் கேட்பவர்களுக்குத் துல்லியம் கிடைக்கும். கம்மாய்க்கரையில் நிற்கும்போது காற்றுத் திசை மாற மாற ஏறி இறங்கி வந்த அந்தப் பாட்டு கிடைக்காது.

தட்டு ஓட்டுவதிலும் கைப்பக்குவம் இருந்தது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சாப்பிடப் போக முடியாது, கண் அசர முடியாது. ஊசியைத் தட்டின் விளிம்பில் சத்தமில்லாமல் இறக்குபவர், ‘டொக்’கென்று போடுபவர் என்று அந்தக் கை அசைவை வைத்தே ஊர்ப் பையன்கள் ஆளை எடைபோட்டார்கள். கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாற்றினால், அது இழுக்கும்போது தட்டின் வேகமும் குறைந்து சுசீலாவின் குரல் தடித்துவிடும். கெட்டிக்காரர் அந்த நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு ‘திருவிளையாடல்’ வசனத் தட்டுக்கு மாறிவிடுவார். வசனம் சற்றுத் தொய்ந்தாலும் காது மன்னிக்கும்.

பிறகு 45 சுற்றுத் தட்டு வந்தது, எல்.பி. வந்தது, ஒலிநாடா வந்தது. 1984-ல் ‘விதி’ படம் வந்தபோது அதன் நீதிமன்ற வசனம் ஓடாத விசேஷ வீடு இல்லை. மணமேடைக்குப் பத்தடி தள்ளி காதல் மோசடியும் வழக்கும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தை மைக் செட் ரசிகர்கள் பெருமையாகச் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம். வரிசை என்ற ஒழுங்கு அவிழத் தொடங்கியது அங்கேதான். ஒலிநாடாவில் யாரோ பதிந்து கொடுத்த வரிசைதான் எல்லாக் கல்யாணத்திலும் ஓடியது.

நாதஸ்வர ரசிகர்களுக்கு மைக் செட்டின்மேல் உள்ள கோபம் நியாயமானது. விடிய விடிய ராகம் வாசித்த கலைஞர்களை முகூர்த்த நேரத்துக்கு மட்டும் என்று சுருக்கியதில் குழாய்க்கும் பங்கு உண்டு. இருந்தாலும் பழைய மைக் செட்டுக்காரருக்கு ஒரு மரியாதை தெரிந்திருந்தது. மேளக்காரர் சீவாளியை வாயில் வைத்தால் தட்டு நிற்கும். தாலி கட்டி முடிந்து கெட்டிமேளம் ஓயும்வரை குழாய் வாய் திறக்காது. மெல்லிசைக் குழுவை உசத்தி என்பவர்களிடம் சண்டை போட ஒன்றுமில்லை. நேரில் பாடுவது என்றைக்கும் உசத்திதான். சராசரிக் குழுவைவிட அசல் தட்டு மேல் என்பது மட்டும் மைக் செட் கட்சியின் வாதம்.

டிஜே கலையை இழிவாகப் பேசுவதும் சரியில்லை. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டித் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டியபோது, ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துத்தான் அதைச் செய்தார். எதிரில் இருப்பவரைப் பார்த்து வாசிப்பது பெரிய கலை. நம் ஊர் மண்டபத்தில் வந்து நிற்பது பெரும்பாலும் அதன் கருவி மட்டும். எதிரில் பாட்டி இருக்கிறார், பந்தியில் இலை போட்டிருக்கிறது, பத்து வருடம் கழித்துச் சந்தித்த மாமாவும் மருமகனும் காதுக்குள் கத்திப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூடிய அறையில் சப்வூஃபர் நெஞ்சை இடிக்கிறது.

அதைவிடப் பெரிய குறை சரணம் காணாமல் போனது. பல்லவி வந்ததும் கூச்சல், அதற்குள் அடுத்த பாட்டு. வாலியும் கண்ணதாசனும் சொல்ல வந்ததைச் சரணத்தில் வைத்தவர்கள். அந்த வரி வருமுன் கை நகர்ந்துவிடுகிறது. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. அறுபதுகளின் பாட்டுகள் முழு வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவானவை. மனிதக் கை போட்ட தாளம் இம்மி இம்மியாக நகரும், கணினித் தாளத்தோடு ஒட்டாது. ஒட்டவைக்க முயன்றால் பாட்டு நசுங்கும், அதனால் சிறு துண்டாக வெட்டிச் சேர்க்கிறார்கள். தேர்ந்த டிஜே அப்படிச் செய்வதில்லை. தாளத்தை அணைத்துவிட்டு ஒரு நொடி மௌனம் விட்டு, பழைய பாட்டை முதல் இசையிலிருந்து தனியாக ஓடவிடுகிறார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், கேட்டுத் தேடவேண்டும்.

பொருள் பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. ‘3’ படத்துக்காக 2011 நவம்பரில் வெளியான தனுஷின் பாட்டு காதலில் தோற்றவன் புலம்பல். அனிருத்தின் தாளம் துள்ளுகிறது என்பதற்காக அது எத்தனையோ வரவேற்பு மேடைகளில் ஒலித்தது. அந்தக் காலத்து மைக் செட்டுக்காரர் மாலை மாற்றும் நேரத்தில் அதைத் தொட்டிருக்கமாட்டார்.

குழாய் போனதற்குக் காரணம் டிஜே மட்டும் அல்ல. 2000-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. விடிகாலை முகூர்த்தத்துக்குக் குழாய் கட்டிய ஊர்களுக்கு இது இழப்புதான். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளையும் நோயாளிகளையும் நினைத்தால் விதியைக் குறை சொல்ல வாய் வராது. தென் மாவட்டங்களில் தட்டுகளையும் குழாய்களையும் இன்னும் துடைத்து வைத்திருக்கிற சேகரிப்பாளர்கள் உண்டு. திருவிழாவில் அவர்கள் ஓட்டும்போது நின்று கேட்டவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

கல்யாணத்துக்கு டிஜே பேசப் போகிறவர்கள் வாட்ஸ் எத்தனை, விளக்கு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் அவருடைய பாட்டு வரிசையைக் கேட்கட்டும். பெண் மேடைக்கு வரும்போது என்ன போடுவீர்கள், மேளம் தொடங்கினால் நிறுத்துவீர்களா, பந்தி நேரத்தில் ஒலியைப் பாதியாகக் குறைப்பீர்களா என்று கேட்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஐந்து பாட்டுகளை எழுதிக் கையில் கொடுத்து, இவற்றை மட்டுமாவது கடைசிச் சரணம்வரை ஓடவிட வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளட்டும். அந்த ஐந்தில் ஈஸ்வரி பாட்டு ஒன்று இருக்கட்டும்.