திருச்சபைத் தந்தையர் நூல்களும் எல்லைப்புறத் தமிழும்: கலைச்சொல் பெயர்ப்புப் பற்றிய ஒரு திறனாய்வு

கிறித்தவத்தின் முதல் எட்டு நூற்றாண்டுகளில் கிரேக்கம், லத்தீன், சிரியாக் ஆகிய மொழிகளில் எழுதிய சமய ஆசிரியர்கள் தமிழில் 'திருச்சபைத் தந்தையர்' எனப்படுகின்றனர். அத்தனாசியார், பெரிய பசிலியார், நிசாவின் கிரகோரியார், அகுஸ்தீனார், எரோணிமுஸ், மார் எப்ரேம் முதலியோர் இவ்வரிசையினர். இவர்தம் நூல்களுள் பெரும்பகுதி சொற்போரில் பிறந்தது. ஒரு சொல்லை ஏற்பதென்பது அங்கே இன்னொரு சொல்லை மறுப்பதாகும். ஆகவே இந்நூல்களைத் தமிழாக்குவோர் தேர்ந்த சொல் தூயதா, எளியதா என்று பார்ப்பதோடு அமையாமல், அச்சொல் எதனை விலக்குகிறது என்றும் பார்த்தாக வேண்டும். தமிழில் இந்த இரண்டாம் சோதனை போதிய அளவு நடைபெறவில்லை.

இக்குறைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தந்தையர் தமிழுக்கு நூலாசிரியர்களாக வருவதற்கு முன்பே அடியார்களாக வந்துவிட்டனர். அண்டிரிக்கு அடிகளார் 1586இல் அச்சிட்ட 'பிளோஸ் சாங்தோரும்' புனிதர் வரலாறுகளைத் தந்தது. அவர்கள் எழுதியவற்றைத் தருவது அதன் நோக்கமன்று. மதுரையில் பணியாற்றிய தத்துவ போதகர் (1577–1656) தம் அணுகுமுறையைக் காக்கத் தந்தையரின் மேற்கோள்களைத் துணைக்கொண்டபோதும் அவ்வாதங்களை லத்தீனிலேயே எழுதினார். தமிழ் வாசகருக்குத் தந்தையரின் பெயரும் திருநாளும் அற்புதமும் தெரிந்த அளவு அவர்தம் வாதம் தெரியாமற் போயிற்று.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகள் இச்சிக்கலை ஆராய்வதற்கு ஏற்ற உரைகல்லாக அமைகின்றன. சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களிலும், தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தோட்டப் பகுதிகளிலும் தமிழ் பேசும் கத்தோலிக்கர் கணிசமாக வாழ்கின்றனர். இவர்கள் லத்தீன் வழிபாட்டு மரபினர். பாலக்காட்டினர் 2013 டிசம்பர் 28ஆம் நாள் நிறுவப்பட்ட சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தையும், மூணாறு பகுதியினர் 1930இல் தோன்றிய விசயபுரம் மறைமாவட்டத்தையும் சார்ந்தவர்கள். இவர்களுக்கு அண்டை வீட்டாராக இருப்போருள் பலர் மத்திய திருவிதாங்கூரிலிருந்து மலையேறி வந்த சிரியக் கிறித்தவர். அவர்களுள் சீரோ மலபார் சபையினர் 1962 வரை சிரியாக்கிலும் அதன்பின் மலையாளத்திலும் வழிபட்டு வருபவர்கள். ஒரே தந்தையர் மரபு லத்தீன் வழியாகத் தமிழிலும் சிரியாக் வழியாக மலையாளத்திலும் ஒரே தெருவில் ஒலிக்கின்றது. மலையாளப் பள்ளியில் பயின்று தமிழில் செபிக்கும் ஒருவர் இரண்டு சொற்றொகுதிகளையும் ஒருங்கே கேட்கிறார். ஒரு மொழி மட்டுமே அறிந்தார்க்குப் புலப்படாத இடைவெளிகள் அவருக்குப் புலப்படும்.

'தந்தையர்' என்னும் பெயரையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் 'தந்தை', 'அருட்தந்தை' என்பன குருவைக் குறிக்கும். ஆதலின் 'திருச்சபைத் தந்தையர்' என்பதைக் கேட்கும் தமிழர் பங்குக் குருக்களின் கூட்டத்தை நினைத்தால் வியப்பில்லை. மலையாளத்தில் குரு 'அச்சன்'. 'பிதாவு' என்பது ஆயர். 'சபாபிதாக்கன்மார்' என்பது மலையாளியின் செவியில் ஆயர்களைச் சுட்டுவது போல் ஒலிக்கக்கூடும். தொடக்க காலத் திருச்சபையில் தந்தை என்னும் விளி பெரிதும் ஆயர்க்கே உரியதாயிருந்தது. ஆயர் என்ற நிலையில் கற்பித்தவர்களையே பின்வந்தோர் தந்தையர் எனச் சான்றுகாட்டினர். அவ்வகையில் மலையாளம் தன்னையறியாமல் பழம்பொருளுக்கு அணுக்கமாக நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு ஆயருக்கு வழங்கிய 'மேற்றிராணியார்' என்பதும் மலையாள 'மெத்ரான்' என்பதன் உறவுச்சொல்லே. எல்லை என்றும் அடைபட்டிருந்ததில்லை.

அடுத்தது 'வனம்'. அத்தனாசியார் ஏறத்தாழ 357இல் எழுதிய அந்தோணியார் வரலாறும், எரோணிமுஸ் எழுதிய துறவி பவுல் வரலாறும் எகிப்தின் பாலைநிலத் துறவை உலகறியச் செய்தவை. இவ்விருவரும் தமிழில் 'வனத்து அந்தோணியார்', 'வனத்துச் சின்னப்பர்' ஆயினர். பவுல் என்னும் லத்தீன் பெயர் 'சிறியவர்' எனப் பொருள்படுவதால் சின்னப்பர் ஆனது நேர்த்தியான பெயர்ப்பு. ஆனால் மணற்பரப்பைக் குறித்த 'எரேமோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு, பாலை என ஒரு திணையே வகுத்த மொழி, காட்டைத் தேர்ந்தது ஏன்? துறந்தார் செல்லுமிடம் காடு என்பது இந்நாட்டு மரபு. பெயர்த்தோர் நிலத்தைப் பெயர்க்காமல் துறவைப் பெயர்த்தனர். அடியார் வரலாற்றுக்கு இது பொருந்தும், நூற்பெயர்ப்புக்குப் பொருந்தாது. அத்தனாசியாரின் வாதத்தில் எரேமோஸ் என்பது நீரும் பயிரும் இன்றிப் பேய்கள் உறையும் இடம். அங்கே துறவியர் குடியேறிப் பாலையை நகராக்கினர் என்பது அந்நூலின் மையக் கருத்துகளுள் ஒன்று. யானைத்தடமும் வனத்துறை வேலியும் அறிந்த மறையூர் வாசகருக்கு 'வனத்தை நகராக்கினர்' என்பது வேறொரு செய்தியாகவே, அதுவும் வழக்குக்குரிய செய்தியாகவே, படும். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு 'பாலைநிலம்' என்பதை ஆண்டு வழிகாட்டியுள்ளது. பக்தி வழக்கில் வனத்து அந்தோணியார் நிலைபெறட்டும். நூலுக்குள் பாலையே வரவேண்டும்.

இவை எளிய இடங்கள். கடினமான இடம் 'பொருள்'. 325இல் கூடிய நீசேயாப் பொதுச்சங்கம் மகன் தந்தையோடு 'ஹோமோஊஸியோஸ்' என வரையறுத்தது. 'ஊஸியா' என்பதனை அடியாகக் கொண்ட தொகைச்சொல் இது. இதற்கு எதிராகச் சிலர் முன்வைத்த 'ஹோமோயூஸியோஸ்' என்பது ஓர் எழுத்தால் மட்டும் வேறுபட்டது. முன்னது 'ஒரே', பின்னது 'ஒத்த'. தமிழ்க் கத்தோலிக்க நம்பிக்கை அறிக்கை 'ஒரே பொருளானவர்' என்கிறது. சீர்திருத்தச் சபைகளின் தமிழ் வழக்கு 'ஒரே தன்மை' என்கிறது. மலையாளம் 'ஏகசத்த' என்கிறது. மூன்றிலும் 'ஒரே' என்னும் கூறு காக்கப்பட்டுள்ளது. சிக்கல் அடுத்த கூற்றில்தான்.

'தன்மை' பண்பைச் சுட்டும் சொல். இருவேறு பொருள்களுக்கு ஒரே தன்மை இருத்தல் கூடும். பாலுக்கும் பருத்திக்கும் வெண்மை போல. 'ஒரே தன்மை' என்றவுடன் 'ஒத்த' என்னும் பொருள் பின்வாயில் வழியாக நுழைந்துவிடுகிறது. நீசேயாவினர் விலக்க முயன்றது இதனையே. மாறாகப் 'பொருள்' அந்நெகிழ்வுக்கு இடம் தராது. ஆயினும் அது வேறொரு திசையில் இழுக்கிறது. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் ஆகியவற்றை 'முப்பொருள்' என்னும். அங்கே பொருள் என்பது தனித்து நிலைபெற்ற ஒன்று. அம்மரபில் தோய்ந்த செவிக்கு 'ஒரே பொருள்' என்பது தந்தை, மகன் என்னும் வேறுபாடே இல்லாத ஒருவர் எனப்படும். அஃதாவது சபெல்லியுஸ் பெயரால் வழங்கும் கொள்கையாகிவிடும். தமிழ்ச் சொல்லின் இக்குறை கிரேக்கச் சொல்லுக்கும் இருந்தது என்பது நோக்கற்பாலது. 268இல் அந்தியோக்கியாவில் கூடிய ஆயர்கள் 'ஹோமோஊஸியோஸ்' என்பதனைத் தள்ளினர் என 4ஆம் நூற்றாண்டு ஆசிரியர்களே கூறுகின்றனர். நீசேயாவுக்குப் பிறகும் பலர் அதனை ஐயுற்றது இக்காரணம் பற்றியே. எனவே 'பொருள்' மூலத்தின் இருபொருள்மையையும் சேர்த்தே கொணர்ந்த பெயர்ப்பு. அதனைப் பிழை என்று தள்ளுதல் பொருந்தாது.

ஆனால் எல்லாத் தந்தையர் நூலிலும் ஒரே சொல்லை ஆளலாம் என்பதற்கு இது உரிமம் அன்று. 325இல் 'ஊஸியா', 'ஹூபோஸ்டாஸிஸ்' இரண்டும் ஒருபொருட் சொற்களாகவே ஆளப்பட்டன. 362இல் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியார் தலைமையில் கூடியோர், ஒரு ஹூபோஸ்டாஸிஸ் என்பாரையும் மூன்று என்பாரையும் தனித்தனியே வினவி, இரு சாராரும் கருதியது ஒன்றே எனக் கண்டனர். பசிலியாரும் அவரைச் சார்ந்தோரும் இரண்டையும் பிரித்து, ஊஸியா ஒன்று, ஹூபோஸ்டாஸிஸ் மூன்று என நிலைநாட்டியது இதனையடுத்தே. தமிழாக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை இடைநிலையாகக் கொள்வதால், ஆங்கிலத்தார் பிற்காலத் தெளிவை முற்காலத்தின்மேல் ஏற்றிய இடங்களில் தமிழும் அவ்வாறே ஏற்றிவிடுகிறது. அத்தனாசியாரின் தொடக்க நூல்களில் இரு சொல்லுக்கும் 'பொருள்' என்றே எழுதினால்தான் அக்காலக் குழப்பம் வாசகர்க்கு விளங்கும்.

இக்குழப்பத்துக்குத் தலைசிறந்த சான்று மொழிபெயர்ப்பாளர்களின் முன்னோடியாகிய எரோணிமுஸே. சிரியாவின் பாலைநிலத்தில், கிரேக்கமும் சிரியாக்கும் பேசுவோரிடையே, லத்தீன் மட்டும் தாய்மொழியாகக் கொண்டு வாழ்ந்தபோது, மூன்று ஹூபோஸ்டாஸிஸ் என அறிக்கையிடுமாறு அவரை அண்டையார் வற்புறுத்தினர். அச்சொல்லை உறுப்புறுப்பாகப் பெயர்த்தால் லத்தீனில் 'சப்ஸ்டான்சியா' என வரும்; அதுவோ ஊஸியாவுக்கு லத்தீனார் வைத்த சொல். மூன்று கடவுளரை ஏற்கச் சொல்கிறார்களோ என்று அஞ்சித் திருத்தந்தை தமாசுவுக்கு மடல் எழுதி வழி கேட்டார். கற்றுத்துறைபோய அவரே மொழியெல்லையில் இவ்வாறு தடுமாறினார் எனில், தேவிகுளத்தில் 'ஏகசத்த' என்பதையும் 'ஒரே பொருள்' என்பதையும் ஒரே வாரத்தில் கேட்கும் தொழிலாளியின் தடுமாற்றத்தை அறியாமை எனத் தள்ளிவிடலாகாது.

சிரியாக்கார் கண்ட வழியும் கருதத்தக்கது. அவர்கள் தொடக்கத்தில் 'ஹோமோஊஸியோஸ்' என்பதனை 'பர் கியானா' என்றனர். 'இயல்பின் மகன்' என்பது சொற்பொருள், 'அவ்வியல்பினன்' என்பது வழக்குப் பொருள். கிரேக்கத் தொகைச்சொல்லைத் தம் மொழியின் மரபுத்தொடராக்கிய பெயர்ப்பு இது. பிற்காலத்தில் மாபூக் நகர ஆயர் பிலோக்சேனுஸ் (இறப்பு 523) பழைய பெயர்ப்புகள் துல்லியமற்றவை எனக் குறைகூறி, 508இல் புதிய ஏற்பாட்டையே மீண்டும் பெயர்க்கச் செய்தார். அதன்பின் சிரியாக் மொழிபெயர்ப்பு கிரேக்கத்தைச் சொல்லுக்குச் சொல் படியெடுக்கும் நெறியை நோக்கி நகர்ந்தது. கிழக்குச் சிரியாக் அறிக்கை மட்டும் 'பர் கியானா' என்பதனை விடவில்லை. தூய தமிழா, வடசொல்லா என்னும் தமிழ்நாட்டு வழக்காட்டை விட, மரபுத்தொடரா, படியெடுப்பா என்னும் இச்சிரியாக் வழக்காடு மொழிபெயர்ப்பாளர்க்குப் பயனுடையது.

'ஹூபோஸ்டாஸிஸ்' தமிழில் 'ஆள்' ஆயிற்று. லத்தீன் 'பெர்சோனா' வழி வந்தது இது. மலங்கரைச் சபைகளின் மலையாளத்தில் சிரியாக் 'க்னூமா' அப்படியே நிற்கிறது. பொருள் விளங்காவிடினும் தவறான பொருளும் விளங்காது. 'ஆள்' அவ்வாறன்று. 'இன்றைக்கு எத்தனை ஆள்?' என்று வேலைக்கு வந்தோரை எண்ணும் தோட்டத்து வழக்கில் 'மூன்று ஆட்கள்' என்பது மூன்று தனி மனிதர் என்றே படும். மேலும், தெர்த்துல்லியன் மறைநூலில் பேசுபவர், எவரிடம் பேசுகிறாரோ அவர், எவரைப் பற்றிப் பேசுகிறாரோ அவர் என மூவரைப் பிரித்துக்காட்டி வாதிடும்போது லத்தீன் வாசகர் செவியில் இலக்கணத்தின் 'பெர்சோனா'வும் உடன் ஒலித்தது. தமிழ் இலக்கணம் அதனை 'இடம்' என்னும். 'ஆள்' என்னும் சொல்லில் அவ்வொலி எழாது. தன்மை, முன்னிலை, படர்க்கை என வகுத்த மொழியில் இவ்வாதத்தை இலக்கணச் சொற்களைக் கொண்டே பெயர்க்கலாம். ஆனால் அங்கே 'தன்மை' என எழுதிய கையே அறிக்கையிலும் 'தன்மை' என எழுதினால் வாசகர் வழிதவறுவார்.

பசிலியாரின் மடல்களுள் 38ஆவதாக எண்ணப்பட்டு, இன்று பலராலும் நிசாவின் கிரகோரியாருக்கு உரியதெனக் கொள்ளப்படும் மடல், ஊஸியா – ஹூபோஸ்டாஸிஸ் வேறுபாட்டை முழுவதும் இலக்கணத்தால் விளக்குகிறது. 'மனிதன்' என்பது பலர்க்கும் பொதுவான பெயர். 'பவுல்', 'திமொத்தேயு' என்பன ஒருவர்க்கே உரியவை. முன்னது ஊஸியாவைக் காட்டும், பின்னவை ஹூபோஸ்டாஸிஸைக் காட்டும் என்பது அதன் வாதம். இங்கே புதுச்சொல் எதுவும் வேண்டுவதில்லை. பொது, சிறப்பு என்பவை தமிழ் இலக்கணத்துக்குப் பழகிய சொற்கள். பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்பன சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பள்ளி மாணவரும் அறிந்தவை. இம்மடலைத் தமிழாக்குவோர் அவற்றைக் கொண்டே பெயர்த்து, 'ஆள்' என்பதனை வாதம் முடியும் இடத்தில் மட்டும் கொணர்ந்தால், அச்சொல் எவ்வளவு பொறுக்கும், எங்கே முறியும் என்பதை வாசகரே எடைபோட்டுக்கொள்வர்.